இங்கனயே இரு

பள்ளிக்கூடம் திறக்கும் தேதியை முடிவு செய்கிறவர்களுக்குக் குற்றாலத்தில் சீசன் எப்போது தொடங்கும் என்று யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. வருஷம் தவறாமல் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். மலையில் மேகம் இறங்கி, சாரல் அடித்து, மெயினருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் லாட்ஜுகள் நிரம்பிவிடும். காசிமேஜர்புரத்துச் சனம் முழுக்க வேலைக்கு ஓடும். அன்றைக்கென்று பார்த்துத்தான் பிள்ளைகள் தோளில் புத்தகப்பையை மாட்டி அனுப்ப வேண்டியிருக்கும். இந்த வருஷம் இராமலட்சுமி வீட்டிலும் அதே கூத்துதான். மகள் அபிஸ்ரீ எல்.கே.ஜி. சேரும் நாளும், இராமலட்சுமி வேலை பார்க்கும் லாட்ஜில் சென்னைக் கூட்டம் ஒன்று அத்தனை அறைகளையும் பிடித்திருந்த நாளும் ஒன்றாகிப் போயின.

"லீவு போட்டா சீசன் முழுக்க லீவுதான்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டு சொல்கிற ஆளிடம் சண்டை போடவும் முடியாது.

இராமலட்சுமி ஏத்தம்பழத்தை அவித்து வட்டவட்டமாக நறுக்கி டப்பாவில் அடைத்தாள். ஓடு நனைந்து வீடெல்லாம் குளிர்ந்து கிடந்தது. அபி சாம்பல் நிற கவுனையும் சிவப்பு டையையும் போட்டுக்கொண்டு, ஷூ நனைந்துவிடக் கூடாதென்று கட்டிலின் மேலேயே நின்றாள்.

"ஏங்க, கொண்டு போய் விட்டுருவீயள்லா?"

நம்பிராஜன் எண்ணெய்ப் பாட்டில்களைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அருவிக்குப் போகிற வழியில் வருகிறவர் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுவதுதான் அவன் தொழில். "விடாம? தோள்ல தூக்கிட்டா திரியப் போறேன்?"

"நீங்க செஞ்சாலும் செய்வீய. அதான் கேக்கேன்."

அவள் கேட்டதில் தப்பில்லை. இந்தப் பள்ளிக்கூடப் பேச்சு வந்த நாளிலிருந்து நம்பிராஜன் ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிள்ளைக்குச் சளி, பள்ளிக்கூடம் தூரம், பின்னால் வாய்க்கால் ஓடுது, இன்னும் ஒரு வருஷம் போகட்டும். இராமலட்சுமி விடவில்லை. "அருவிக்கரையில உக்காந்து வாறவன் போறவன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் எம்பிள்ள வளரணுமா?" என்று கேட்டுக் கேட்டே சம்மதிக்க வைத்தாள். அதனால்தான் அவளுக்கு அன்றைக்கு அவ்வளவு பயம். ஏதாவது ஒன்று ஆனால் பழி முழுக்க அவள் தலையில்தான்.

"அம்மா, பள்ளியூடத்துல அப்பா எங்கன உக்காருவாங்க?" என்று அபி கேட்டாள்.

"அப்பா உக்கார மாட்டாங்கட்டி. நீ மட்டும்தான்."

அபி அப்பாவைப் பார்த்தாள். அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

லாட்ஜில் மூச்சுவிட நேரமில்லை. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிற மகராசன்கள் தலையைச் சரியாகத் துவட்டாமல் அப்படியே படுத்துவிடுவார்கள். தலையணை உறையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. புருஷன் தேய்க்கிற எண்ணெயைப் பெண்டாட்டி துவைக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது என்று இராமலட்சுமி அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்நேரம் அழுதிருப்பாளோ, இந்நேரம் பழம் தின்றிருப்பாளோ, ஒண்ணுக்கு வந்தால் கேட்கத் தெரியுமோ என்று ஒவ்வொரு விரிப்பை உருவும்போதும் ஒரு கவலை வந்தது. வாளியில் உறைகளை முக்கிக்கொண்டிருந்தபோது இடுப்பிலிருந்த போன் அடித்தது.

"அபிஸ்ரீ அம்மாங்களா? நான் எல்.கே.ஜி. மிஸ் மாஜிதா பேசுறேன். பாப்பாவை இன்னைக்கு அனுப்பலையா?"

"அனுப்பலையாவா? காலையிலயே அவ அப்பா கொண்டாந்து விட்டுட்டாங்களே மிஸ்."

யாரோ பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாஜிதா மிஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ, "வந்திருக்காளாம்... வந்திருக்காளாம்..." என்று சொல்வது மங்கலாகக் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

இராமலட்சுமி நம்பிராஜனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. எண்ணெய்க் கையோடு எடுத்தால் போன் வழுக்கி விழும் என்று அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பைக்கு அடியில் வைத்திருப்பான். அது தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தாள். மேனேஜரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வழியில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்து ஏறிக்கொண்டாள். சீசன் வண்டிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்தது. இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்தாள். ஓரமாக நகர்ந்து, ஒரு காலை வெளியே வைத்தபடியே உட்கார்ந்து வந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடம் இலஞ்சி போகிற ரோட்டில் இருக்கிறது. முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடம். மேடையும் சாப்பாட்டுக்கூடமும் இப்போது வகுப்பறைகளாகிவிட்டன. பின்சுவரை ஒட்டிச் சிற்றாற்று வாய்க்கால் போகிறது. அவள் இறங்கும்போது வாட்ச்மேன் நீளமான மூங்கில் கழியோடு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கழி எதற்கென்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாஜிதா மிஸ் ஓடி வந்தாள். சின்னப் பெண். தென்காசியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பிள்ளைகளின் மூக்குச்சளியும் கண்ணீரும் துப்பட்டா முழுக்க. "அக்கா, காலையில எல்லாப் பிள்ளையும் ஒரே அழுகை. உள்ள கொண்டு போய் உக்கார வச்சு, பேரு கூப்பிட்டப்போ அபிஸ்ரீ பதில் சொல்லலை. வரலைன்னு நினைச்சுட்டேன். என்னை மன்னிச்சிருங்கக்கா."

"எங்கனல்லாம் பாத்தீய?"

"எல்லா ரூமும் பாத்தாச்சு தாயி" என்றாள் மாடத்தி. அவள்தான் அங்கே ஆயா. "கக்கூசு, மேடைக்கு அடியில, வண்டிக்குள்ள, எல்லாம் பாத்தாச்சு. கேட்டைத் தாண்டிப் போயிருக்க மாட்டா. நான் அங்கனதான் நின்னேன்."

"பின்னால?"

மாடத்தி கையைக் காட்டினாள். பின்சுவரில் ஓர் இடத்தில் கல் பெயர்ந்து கிடந்தது. பெரிய ஆள் நுழைய முடியாது. பிள்ளை நுழையலாம்.

இராமலட்சுமி அந்தச் சந்து வழியாக வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் செங்காவி நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அருவித் தண்ணீர் இரையும், பயம் தெரியும். இது ஒன்றுமே தெரியாததுபோலப் போனது. வாட்ச்மேன் கழியை விட்டு ஆகாயத்தாமரையைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் மைக் சத்தம் கேட்டது. மண்டபத்தில் பழைய ஸ்பீக்கர்கள் இன்னும் கழற்றப்படாமல் இருந்தன. யாரோ ஒரு சார், "எல்.கே.ஜி. அபிஸ்ரீ... பாப்பா எங்க இருந்தாலும் மேடைக்கு வாம்மா" என்று கூப்பிட்டார். இராமலட்சுமி கண்ணைத் திறந்தாள். அவள் மகளின் பெயர் மைக்கில் கேட்பது இது முதல் தடவையல்ல.

போன சீசனுக்கு முந்தின சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருவிக்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். நம்பிராஜன் ஒருவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த அபியைக் காணவில்லை. யாரோ ஓர் அம்மாள் சிப்ஸ் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தனியாக நிற்கிற பிள்ளை என்று நினைத்துப் போலீஸிடம் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனாள். வழி தெரியாமல் எங்கெங்கோ சுற்றியிருக்கிறாள். கடைசியில் போலீஸ் மைக்கில் பெயரைச் சொன்ன பிறகுதான் பிள்ளை கிடைத்தது. அதற்குள் நம்பிராஜன் அருவித் தடாகத்துக்குள் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்துதான் அந்தப் பாடம் ஆரம்பமானது. "இங்கனயே இரு. அசையாத. யாரு கூப்பிட்டாலும் பேசாத. அப்பா வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிக்கணும்." தினமும் சொல்வான். சொன்னதோடு விடவில்லை, பரீட்சையும் வைப்பான். பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருக்கும் மைதீன் அண்ணாச்சியைவிட்டுக் கூப்பிடச் சொல்வான். அவர் சுடச்சுட நேந்திரம் சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வா தங்கம், மாமாட்ட வா" என்று கெஞ்சுவார். முதலில் எழுந்துவிடுவாள். அப்புறம் அப்புறம் அசைய மாட்டாள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் அத்தனை பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். டியூட்டி போலீஸ்காரர்கூடக் கூப்பிட்டுப் பார்த்தார். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லாரும் கை தட்டுவார்கள். "உன் பிள்ளைய எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுலே" என்று மைதீன் சொல்லும்போது நம்பிராஜன் முகத்தைப் பார்க்க வேண்டும், கலெக்டர் ஆக்கிவிட்டவன் மாதிரி இருப்பான். இராமலட்சுமிக்கும் அதில் பெருமைதான்.

மைதீனின் நினைப்பு வந்ததும் அவள் அவருக்குப் போன் அடித்தாள். "அண்ணாச்சி, அவங்களைக் கூப்பிடுங்க. பிள்ளயக் காணல."

"யா அல்லா... இரும்மா, இரு." ஓடுகிற சத்தம். "ஏலே நம்பி! போட்டது போட்டபடி இருக்கட்டும், இதக் கேளு!" மைதீன்தான் போனை அவன் காதில் வைத்துப் பிடித்திருக்க வேண்டும்.

"என்னட்டி?"

"பிள்ளய எங்கன விட்டீய?"

"பள்ளியூடத்துலதான். ஏன்?"

"பள்ளியூடத்துல எங்கனன்னு கேக்கேன்!"

"உள்ள... முன்வாசல்ல ஒரே கூட்டம், எல்லாம் கத்திக்கிட்டுக் கிடந்துச்சுவ. அதப் பாத்தா இவளும் அழுவாளேன்னு, பக்கவாட்டுல குழாய்கிட்ட ஒரு படி இருக்குல்லா, அங்கன உக்கார வச்சேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிரணும்னு மிஸ்ஸே எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாவ..."

"என்ன சொல்லிட்டு வந்தீய அவகிட்ட?"

"என்னத்தச் சொன்னேன்? எப்பவும் சொல்லுததத்தான். இங்கனயே இரு, அசையாத, அப்பா வந்து..."

அவன் பேச்சு அப்படியே நின்றது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கவாட்டுக்கு ஓடினாள்.

"அங்கன ஒண்ணுமில்ல தாயி, குடைதான் காயுது" என்று மாடத்தி பின்னாலேயே வந்தாள்.

குடைதான் காய்ந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சாரலில் பிடித்து வந்த குடைகளை விரித்தபடியே அந்த நடைபாதை முழுக்கப் போட்டிருந்தார்கள். கறுப்பு, பூப்போட்டது, கரடிப்பொம்மை போட்டது என்று ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சுவர் வரைக்கும் நின்றன. இராமலட்சுமி கையில் கிடைத்ததைப் பிடித்துப் பிடித்து எறிந்தாள். கடைசி வரிசையில் ஒரு பெரிய கறுப்புக் குடையைத் தூக்கியபோது, அதற்குப் பின்னால் படியில், மடியில் பையை வைத்துக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு அபி உட்கார்ந்திருந்தாள். படி நனைந்திருந்தது. அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"அடி எம்மா!" என்று இராமலட்சுமி அவளை அள்ளப் போனாள். அபி ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா வரலையேம்மா."

"அதான் அம்மா வந்துட்டேன்லா!"

"அப்பா வந்துதான் எந்திரிக்கணும்."

ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு கதறலாமா என்றும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அந்த நனைந்த படியிலேயே மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அபி அவள் காதோடு வந்து, "நெறைய பேரு கூப்பிட்டாங்கம்மா. மைக்குலகூடக் கூப்பிட்டாங்க. நான் அசையவே இல்ல" என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை. கை தட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிற முகம். அதைப் பார்த்ததும்தான் இராமலட்சுமிக்கு அழுகை வெடித்தது. நல்ல பிள்ளையாக இருந்ததற்காக இந்தப் பிள்ளை காலையிலிருந்து குளிரில் உட்கார்ந்திருக்கிறது, இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மாஜிதா மிஸ் குடைகளுக்கு நடுவே வந்து நின்றாள். "நான் இந்தப் பக்கமா எத்தன தடவ நடந்தேன்க்கா" என்றவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மைதீனின் மொபெட் வந்து நின்றது. நம்பிராஜன் சட்டையில்லாமல், எண்ணெய்க் கைலியும் தோளில் துண்டுமாக இறங்கி ஓடிவந்தான். அருவிக்கரையில் யாரோ ஒரு கோயம்புத்தூர்க்காரர் பாதி முதுகில் எண்ணெயோடு காத்துக்கொண்டிருக்கிறார் என்று மைதீன் மாடத்தியிடம் சொன்னார். அந்த நேரத்திலும் மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அபி, எந்திரி" என்றான் நம்பிராஜன். அபி குழாயை விட்டுவிட்டுத் துள்ளி அவன் மேல் ஏறினாள். புதுக் கவுனெல்லாம் எண்ணெயாயிற்று. அவன் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு யாரையும் பார்க்காமல், "நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்றான்.

இராமலட்சுமிக்கும் அதுதான் வேண்டும்போல இருந்தது. போதும், வேண்டாம் இந்தப் பள்ளிக்கூடம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் வாயிலிருந்து வேறுதான் வந்தது.

"அடுத்த வருஷமும் இந்தப் படியிலதான் உக்காருவா."

"என்னட்டி சொல்லுத? பிள்ள செத்துப் பொழைச்சிருக்கு!"

"நீங்க சொல்லித்தான உக்காந்தா? நானே வந்து கூப்பிட்டேன், எந்திரிக்கலையே. நீங்கதான் சொல்லி எழுப்பணும்."

"என்னன்னு சொல்ல?"

"மிஸ் கூப்பிட்டாப் போகணும்னு சொல்லுங்க."

நம்பிராஜன் மாஜிதாவைப் பார்த்தான். காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த முகம். அந்தப் பெண்ணும் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பயந்துபோய் நின்றாள். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதேட்டி" என்று மெதுவாகச் சொன்னான்.

"எனக்கும்தான் தெரியாது. வேற வழி?"

மாஜிதா உள்ளே போய் உலர்ந்த கவுன் ஒன்றைக் கொண்டுவந்தாள். மாடத்தி பிள்ளையைக் குழாயடியில் கழுவித் துடைத்து மாட்டிவிட்டாள். அபி மறுபடியும் அந்தப் படியிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். நம்பிராஜன் அதுவரை துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அப்புறம் படிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அபி, இந்தா பாரு. இவங்க கூப்பிட்டா எந்திரிச்சுப் போகணும். என்ன?"

"அப்பா வரலைன்னாலுமா?"

"வரலைன்னாலும்."

"அப்போ மைதீன் மாமா கூப்பிட்டாலும் போலாமா?"

"போலாம். இல்ல... மாமாவ நமக்குத் தெரியும்லா."

"இவங்கள நமக்குத் தெரியாதே."

நம்பிராஜன் திரும்பி இராமலட்சுமியைப் பார்த்தான். இதில் அவள் உதவி செய்ய முடியாது.

"இன்னைக்குத் தெரிஞ்சுக்கிடுவோம்" என்றான் கடைசியில். "இங்கன மட்டும், மிஸ் மட்டும். நான் சொல்லுதேன்லா, போகலாம்."

மாஜிதா கொஞ்சம் தள்ளிப் போய், வகுப்பு வாசலில் நின்றுகொண்டாள். "அபி, வாடா" என்றாள். பிள்ளை அசையவில்லை, அப்பா முகத்தையே பார்த்தது. மறுபடியும் கூப்பிட்டாள். நம்பிராஜன் எழுந்துவிட்டான். இன்னும் ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்தால் அள்ளிக்கொண்டு ஓடிவிடுவான் என்று இராமலட்சுமிக்குத் தெரிந்தது. அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அபிக்குட்டி, உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன். வா."

அபி முதலில் ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்பா முதுகைப் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடைகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்தாள். வாசலுக்குப் போனதும் மாஜிதா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"போயிட்டாளா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டான் நம்பிராஜன்.

"போயிட்டா."

கேட்டுக்கு வெளியே மைதீன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். நம்பிராஜன் ஏறாமல் நின்றான். கண்ணைத் துடைக்கப் போய் எண்ணெய்க் கையால் தேய்த்துக்கொண்டு, கண் எரிய எரிய நின்றான்.

"நான் சொன்னதும் போயிட்டாளே" என்றான். "ரெண்டு வருசமாச் சொல்லிக் குடுத்தது. இனி அருவிக்கரையில எவனாவது கூப்பிட்டாலும் இப்படித்தான போவா?"

"அருவிக்கரைக்கு இனி அவ எதுக்கு வாரா?" என்றாள் இராமலட்சுமி. "பள்ளியூடம் வந்துட்டாள்லா."

சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவன் அதை அதுவரை யோசிக்கவே இல்லை என்று தெரிந்தது. அவளும் யோசித்திருக்கவில்லை. நம்பிராஜன் அவளையே பார்த்தான். கண்ணெரிச்சலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை.

"ஆமா" என்றான். "இனி வரமாட்டாள்லா."

மைதீன் ஒன்றும் புரியாமல் ஹாரனை ஒருமுறை அடித்தார். உள்ளே மாஜிதா மிஸ் எதையோ பாடச் சொல்ல, பிள்ளைகள் அழுகையும் பாட்டுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். அதில் அபியின் குரல் எது என்று இரண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பிரித்துச் சொல்ல முடியவில்லை.